"வீடு எங்கம்மா?" என்று கேட்பவர்களுக்கு

சென்னையில் ஆள் எடுக்கும் ஹெச்.ஆர். மேலாளர்களுக்கும், நேர்காணல் அறையில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற டீம் லீடர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் நடந்த ஒரு நேர்காணலிலிருந்து ஆரம்பிக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் பல அலுவலகங்களில் ஒன்று, அவ்வளவு போதும். கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம். பி.காம். முடித்த ஒரு பெண் வந்திருந்தார். எழுத்துத் தேர்வு, பேச்சுத் தேர்வு இரண்டிலும் அன்று வந்தவர்களில் அவருக்குத்தான் முதலிடம். கோபத்தில் கத்தும் வாடிக்கையாளராக நான் நடித்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை, என்னை மடக்கவும் பார்க்கவில்லை, என் பில்லில் எந்த இடத்தில் குழப்பம் என்பதை நானே கண்டுபிடிக்கும்படி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனார். பத்து வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன், பயிற்சி எதுவும் இல்லாமல் வந்த ஒருவர் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்து அவர் எழுந்திருக்கப்போகும் நேரத்தில் எங்கள் ஹெச்.ஆர். மேலாளர், சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல, "வீடு எங்கம்மா?" என்றார். "துரைப்பாக்கம் சார்." "அட, பக்கத்துலதான். துரைப்பாக்கத்துல எங்க?" அந்தப் பெண் மடியில் இருந்த ஃபைலை ஒருமுறை நேராக வைத்துக்கொண்டு, "கண்ணகி நகர் சார்" என்றார்.

அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "சரிம்மா, மெயில் வரும்" என்று சிரித்த முகத்தோடுதான் அனுப்பினோம். கதவு மூடியதும், "நல்ல பொண்ணுதான், ஆனா அந்த ஏரியா. நாளைக்கு ஒரு லேப்டாப் காணாமப் போச்சுன்னா நம்ம தலையிலதான் விடியும்" என்று சொல்லிவிட்டு, அவருடைய விண்ணப்பத்தை எடுத்து, வேண்டாம் என்று வைத்திருந்த அடுக்கின் மேல் வைத்தார். வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

நான் வளர்ந்தது கண்ணகி நகரில். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் பர்சனல் ஃபைலில் இருக்கும் சைதாப்பேட்டை முகவரி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்த மௌனம் ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை, அதனால்தான் இந்த மடல்.

"அந்த ஏரியா" என்று நீங்கள் சொல்லும்போது ஏதோ பரம்பரை பரம்பரையாக ஒரு கூட்டம் அங்கே இருந்துவருகிற மாதிரி உங்கள் மனதில் ஒரு படம் ஓடுகிறது என்று நினைக்கிறேன். அங்கே யாருக்கும் அது பூர்வீகம் கிடையாது. 2000-ஆம் ஆண்டு வாக்கில்தான் அந்தக் குடியிருப்பே வந்தது. கூவம் ஓரம், அடையாற்று ஓரம், பக்கிங்காம் கால்வாய் ஓரம், கடற்கரையோரம் என்று நகரத்துக்கு நடுவில் குடிசைகளில் இருந்தவர்களை அரசாங்கம் கொண்டுவந்து இறக்கிய இடம் அது. நகரத்தைச் சுத்தமாக வைத்தவர்கள், உங்கள் அப்பா அம்மா காலத்தில் உங்கள் வீட்டுப் பாத்திரம் துலக்கியவர்கள், பாரிமுனையில் மூட்டை தூக்கியவர்கள், மீன் விற்றவர்கள். 2004 சுனாமிக்கு அப்புறம் கடற்கரையிலிருந்து இன்னும் பலரைக் கூட்டி வந்தார்கள். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாற்றங்கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் அனுப்பினார்கள். செம்மஞ்சேரியும் இதே கதைதான். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு சின்ன நகரத்துக்கு உண்டான ஜனத்தொகை, அதில் வேலை இழந்தவர்கள், வேலைக்குப் போக முடியாதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

நாங்கள் 2002-இல் வந்தோம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு, அரைப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. லாரியில் சாமான்களை ஏற்றும்போது அம்மா அம்மிக்கல்லை விட மாட்டேன் என்று நின்றார், அதை அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஏற்றினார்கள். இங்கே வந்து கதவைத் திறந்து பார்த்தால் ஒரே அறை, 200 சதுர அடிகூட இருக்காது, அடுப்பை வைத்தால் அம்மி வைக்க இடமில்லை. அம்மி மாடிப்படிக்குக் கீழே போனது, அங்கேயே பல வருஷம் கிடந்தது, நாங்கள் அதன்மேல் உட்கார்ந்து படித்திருக்கிறோம். அன்றைக்கு அம்மா வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை, தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. சாவி கொடுத்தவரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "காலையில மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்பதுதான். நுங்கம்பாக்கத்தில் மூன்று வீடுகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், ஏழு மணிக்குள் முதல் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் அதில் இரண்டு வீடு போனது. தினமும் லேட்டாக வருபவரை எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள், நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் எங்கள் வீட்டில் வருமானம் பாதிக்கும் கீழே இறங்கியது, நாங்கள் இருந்த இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வைத்ததாலேயே இறங்கியது.

குடிசை மாற்று வாரியத்தை 1970-இல் தொடங்கியபோது வைத்த வாசகம் "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்." அந்த வாசகம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆரம்ப காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது பக்கத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள், அங்கே வாழ்ந்தவர்களுக்கு வேலையும் பள்ளிக்கூடமும் கைவிட்டுப் போகவில்லை. அப்புறம் நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, எங்களுக்கு உண்டான இடம் நகரத்தின் விளிம்புக்குப் போனது. 2021-இல் வாரியத்தின் பெயரை தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள், "குடிசை" என்ற சொல் போனது நல்லதுதான். ஆனால் உங்கள் அலுவலகத்தில் பெயர் மாறவில்லை. அங்கே நாங்கள் இன்னும் "ஹவுசிங் போர்டு பசங்க."

ஆகவே இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவன் இருந்த இடத்தை எடுத்துவிட்டு, அவனுக்கு ஒரு முகவரியை அரசாங்கமே எழுதிக் கொடுக்கிறது. பிறகு அந்த முகவரியை வைத்து அவன் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அவனுக்குப் பணம் இல்லாததால் அந்த ஊரில் இருக்கிறான், அந்த ஊரில் இருப்பதால் பணம் சம்பாதிக்கிற வேலை அவனுக்கு வராது.

எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். 2013-இல் டிகிரி முடித்து ஐந்து இடங்களில் நேர்காணலுக்குப் போனேன். முதல் நான்கில் உண்மையான முகவரி எழுதினேன், நான்கிலும் கடைசிச் சுற்றுவரை போய்த் திரும்பினேன். அது முகவரியால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது, யாராலும் முடியாது, யாரும் அதை எழுத்தில் தருவதில்லை. ஆனால் எங்கள் பிளாக்கில் எனக்கு முன்னால் வேலைக்குப் போன ஒரு அக்கா சொன்னார், "டேய், மொதல்ல அட்ரஸ மாத்துடா." சைதாப்பேட்டையில் என் சித்தி வாடகைக்கு இருந்தார், ஐந்தாவது விண்ணப்பத்தில் அவர் வீட்டு முகவரியை எழுதினேன். வேலை கிடைத்தது.

கிடைத்த பிறகு ஒரு நாள் முகவரி சரிபார்க்க ஆள் வரப்போவதாக போன் வந்தது. அன்று காலை எட்டு மணிக்கே சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன். சித்தி என்னுடைய பழைய சட்டை ஒன்றைக் கொடியில் போட்டு, சுவரில் மாட்டியிருந்த அவர் பையன் போட்டோவுக்குப் பக்கத்தில் என் கல்லூரி குரூப் போட்டோவை மாட்டி வைத்தார். நான் அந்த வீட்டுப் பிள்ளை என்று ஒரு அந்நியர் நம்ப வேண்டும். வந்தவர் வாசலிலேயே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டார். சித்தி, "இவன் பொறந்ததுல இருந்து" என்றார். என்னைப் பெற்ற அம்மா அதே நேரத்தில் கண்ணகி நகரில் அடி பம்ப் வரிசையில் குடத்தோடு நின்றிருப்பார். வேலை கிடைத்த சந்தோஷம் எனக்கு அன்றைக்கே போய்விட்டது. இருபத்தொரு வயதில் ஒருவன் தன் அம்மா இருக்கும் வீட்டை மறைத்துத்தான் முதல் சம்பளம் வாங்க வேண்டும் என்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நைட் ஷிஃப்ட் முடிந்தால் கேபில் கொண்டுவந்து விடுவார்கள். சில நாள் சைதாப்பேட்டையில் இறங்கி சித்தி வீட்டில் படுத்துக்கொள்வேன். மற்ற நாட்களில் நண்பன் ரூமுக்குப் போகிறேன் என்று ஏதாவது சொல்லி, துரைப்பாக்கம் சிக்னலில் இறங்கி, வண்டி மறையும்வரை எதிர்ப்பக்கம் நடந்து, அப்புறம் திரும்பி வீட்டுக்கு நடப்பேன். ராத்திரி இரண்டரை மணி, நாய்கள் துரத்தும். இப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் எல்லாரும் வண்டியில் ஏறுவதற்கு முன்னால், கேப் ஓட்டும் அண்ணன் மெதுவாக என் பக்கத்தில் வந்து, "தம்பி, எந்த பிளாக்கு?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "நானும் அங்கதான். உன்னப் பால் பூத்துல பாத்திருக்கேன். இனிமே சிக்னல்ல எறங்கி அங்கயே நில்லு, மத்தவங்கள எறக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். நடக்காத" என்றார். எட்டு மாதம், நான் அந்தப் பிரிவில் இருந்தவரைக்கும், அப்படித்தான் வீட்டுக்குப் போனேன். அவரும் வேலைக்குச் சேரும்போது வேறு முகவரிதான் கொடுத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஒரே வண்டியில் ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேர், ஒரு மாதம் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி உட்கார்ந்து வந்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணகி நகரின் பின்கோடு 600097. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இருக்கும் பெரிய பெரிய ஐ.டி. கட்டிடங்களின் பின்கோடும் அதேதான். அவர்களுடைய லெட்டர் பேடில் அந்த எண் பெருமையாக இருக்கிறது. இரண்டு இடமுமே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில் எழும்பியவை, 2023 டிசம்பர் புயல் மழையில் இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. தபால்காரருக்கும் வெள்ளத்துக்கும் ஒரே இடமாக இருப்பது உங்களுக்கு மட்டும் எப்படி இரண்டு உலகமாகிறது?

லேப்டாப் காணாமல் போகும் என்ற பயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்குக் காலையில் ஆறு மணிக்கு உங்கள் அலுவலகத்துக்கு வந்து பாருங்கள். நீங்கள் யாரும் வருவதற்கு முன்னால் அந்தத் தளம் முழுவதும் விளக்குப் போட்டு, ஒவ்வொரு மேஜையாகத் துடைத்து, நீங்கள் விட்டுப்போன காபி கப்பை எடுத்து, நீங்கள் மறந்து வைத்துவிட்டுப் போன வாட்ச், பர்ஸ், சார்ஜர் எல்லாவற்றையும் அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகும் அக்காக்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். பாதிப் பேர் கண்ணகி நகர், மீதிப் பேர் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் பன்னிரண்டு வருஷமாக ஒரே கட்டிடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். ஒரு தடவை ரெஸ்ட் ரூமில் தங்க வளையல் ஒன்றைக் கண்டெடுத்து செக்யூரிட்டியிடம் கொடுத்திருக்கிறார். அதை வாங்கிக்கொண்ட மேடம் ஐம்பது ரூபாய் கொடுத்தாராம், அக்கா வாங்கவில்லை.

அந்த ஒப்பந்தக்காரர்கள் ஆள் எடுக்கும்போது கண்ணகி நகர் என்று சொன்னால் உடனே சேர்த்துக்கொள்கிறார்கள். பக்கத்து ஊர், பஸ் காசு கேட்க மாட்டார்கள், குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள், காலையில் ஐந்தரைக்கே நிற்பார்கள். ஆக அதே முகவரி துடைப்பம் பிடிக்கத் தகுதி, நாற்காலியில் உட்காரத் தகுதிக் குறைவு. நம்பிக்கை இல்லை என்று நீங்கள் சொல்வது உண்மையாக இருந்தால் அந்த அக்காக்களை உங்கள் தளத்துக்குள் விட்டிருக்கவே மாட்டீர்கள். அவர்கள் கைச் சுத்தம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் பெற்ற பெண் உங்களுக்குச் சமமாக எதிரே உட்காரும்போதுதான் ஏரியா ஞாபகத்துக்கு வருகிறது.

இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்: "எந்த ஏரியா" என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. கண்ணகி நகரில் பெரும்பாலானோர் தலித்துகள். நேர்காணலில் சாதி கேட்டால் அசிங்கம் என்று உங்களுக்குத் தெரியும், யாரும் கேட்பதில்லை. ஏரியா கேட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கேட்பவர்களில் பலர் அந்த எண்ணத்தோடு கேட்பதில்லை என்றுதான் நான் நம்ப விரும்புகிறேன். ஆனால் பதில் கிடைத்ததும் மனம் எந்தக் கணக்கைப் போடுகிறது என்பதை அவரவர் தனியாக இருக்கும்போது யோசித்துப் பாருங்கள்.

அங்கே பிரச்சினையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குடி இருக்கிறது, கஞ்சா இருக்கிறது, அடிதடி இருக்கிறது, என்னோடு படித்தவர்களில் இரண்டு பேர் ஜெயிலுக்குப் போய் வந்தார்கள். அதில் ஒருவன் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரன். பள்ளிக்கூடம் மாறிய வருஷம் படிப்பை விட்டவன், நான்கு வருஷம் கிடைத்த கூலி வேலையெல்லாம் பார்த்தான், ஒரு கடையில் திருட்டு நடந்தபோது கண்ணகி நகர்ப் பையன் என்பதால் முதலில் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள், திருடியது வேறு ஆள் என்று தெரிந்த பிறகும் அந்தக் கடையில் அவனைத் திரும்பச் சேர்க்கவில்லை. அவன் கெட்டது அதற்கப்புறம். செய்திகளிலும் பாருங்கள், வேறு ஊர் ஆள் பிடிபட்டால் "வாலிபர் கைது" என்று வரும், எங்கள் ஊர் ஆள் என்றால் "கண்ணகி நகர் வாலிபர் கைது" என்று ஊர் பெயர் தலைப்பிலேயே ஏறிவிடும். ஒருவன் செய்ததற்கு 15,000 வீட்டுப் பிள்ளைகளும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலையோடு இது நிற்பதும் இல்லை. சம்பளம் வாங்கி மூன்று வருஷம் கழித்து ஒரு டூவீலர் லோனுக்குப் போனேன், இந்த முறை ரேஷன் கார்டில் உள்ள உண்மையான முகவரி. ஷோரூமில் இருந்த பையன் பாவம், சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னான், "சார், சிபில் ஸ்கோர் எல்லாம் சூப்பரா இருக்கு, அட்ரஸ்தான் நெகட்டிவ் ஏரியான்னு காட்டுது." என் வாழ்க்கையில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. வீட்டுக்கு வாரியம் கொடுத்த ஒதுக்கீட்டு ஆணைதான் இருந்தது, கிரயப் பத்திரம் இல்லை, அதனால் அதையும் காட்ட முடியவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் இதே கேள்விதான் வந்தது, அதை விரிவாக எழுத மனம் வரவில்லை.

இந்தக் கணக்கு எங்கள் வீடுகளுக்குள்ளேயும் புகுந்துவிட்டது. நான் மேடவாக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்துப் போனபோது என் சொந்த மாமா தோளைத் தட்டி, "இப்பத்தான்டா நீ மனுஷனா ஆயிருக்க" என்றார். அவர் இன்றைக்கும் கண்ணகி நகரில்தான் இருக்கிறார், நேர்மையாக ஆட்டோ ஓட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். தன்னை மனிதனாக எண்ணாமல்தான் அதைச் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது. பணம் வந்தால் மனுஷன், நல்ல ஏரியாவுக்குப் போனால் மனுஷன், அதுவரைக்கும்? உழைத்து முன்னேறியவர்கள் எல்லாம் முதல் வேலையாக ஊரைவிட்டுப் போய்விடுகிறோம், அப்புறம் அந்த ஊரில் முன்னேறியவர்களே இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2020-இல் ஓவியர்கள் வந்து எங்கள் பிளாக்குகளின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள், அதைப் பார்க்கக் காரில் ஆட்கள் வந்தார்கள், அதுவரை எங்கள் தெருவுக்குள் வராதவர்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதியில் ஈரானை வென்று தங்கம் வாங்கியது, அந்த அணியில் எங்கள் கார்த்திகா இருந்தார். முதலமைச்சர் 25 லட்சம் ரூபாய் கொடுத்தார். ஊரே வெடி வெடித்தது. எனக்கு எதில் கண் கலங்கியது என்றால், எல்லாரும் அவரைக் "கண்ணகி நகர் கார்த்திகா" என்று கூப்பிட்டார்கள். நான் பன்னிரண்டு வருஷமாக மறைத்த பெயரை அந்தச் சின்னப் பெண் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு நின்றார். நீங்களும் அந்தச் செய்தியைப் பகிர்ந்தீர்கள், எங்கள் ஹெச்.ஆர். மேலாளரும் அலுவலகக் குரூப்பில் பகிர்ந்தார், உண்மையான சந்தோஷத்தோடுதான் பகிர்ந்தார் என்று எனக்குத் தெரியும். அப்படியிருக்க, ஆசியாவை ஜெயித்து வந்தால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு மரியாதை என்றால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? அன்று வந்த அந்தப் பெண் கேட்டது பதினெட்டாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு வேலை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். நம் அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இவற்றை வைத்து அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 16-ஆவது பிரிவு அரசு வேலைக்கு அதோடு இன்னும் இரண்டைச் சேர்க்கிறது, வம்சாவளி, வசிப்பிடம். எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது! ஆனால் அது அரசு வேலைக்கு, உங்கள் அறைக்குள் அது வராது. பிரான்ஸில் 2014-இல் தனியார் வேலைக்கும் சேர்த்து, வசிக்கும் இடத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதைச் சட்டத்தால் தடுத்தார்கள். பாரிஸை ஒட்டிய புறநகர்ப் பிள்ளைகள் முகவரியால் வேலை இழந்துகொண்டிருந்ததால் வந்த சட்டம் அது. அந்தப் புறநகர்களில் ஒன்றான லா கூர்னவ்வில் ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பு துரைப்பாக்கத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இல்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நீங்களே செய்யக்கூடியதுதான். ஆஃபர் லெட்டர் கொடுக்கும்வரைக்கும் முகவரியைக் கேட்காதீர்கள், விண்ணப்பத்தில் அந்தக் கட்டமே வேண்டாம். கேப் ரூட்டுக்காகக் கேட்கிறோம் என்பீர்கள், சரி, சேர்ந்த பிறகு கேளுங்கள். போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாருக்கும் செய்கிறீர்கள், எங்களுக்கும் செய்யுங்கள், அதில் ஒருவர் மீது வழக்கு இருந்தால் அது அவரைப் பற்றிய தகவல், அதை வைத்து முடிவெடுங்கள். டீம் லீடர்களுக்கு ஒன்று: "அந்த ஏரியாவா" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லும்போது, "அந்த ஏரியாவுல என்ன?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை அது.

போன திங்கள்கிழமை எங்கள் ஹெச்.ஆர். மேலாளரைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன், சைதாப்பேட்டை, சித்தி, கொடியில் தொங்கிய சட்டை எல்லாவற்றையும். பொய் முகவரி கொடுத்ததற்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நீங்க அங்கயா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண்ணின் மதிப்பெண் தாளை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, மெயில் இன்னும் போகவில்லை. வரும் புதன்கிழமை அடுத்த நேர்காணல், நானும் அந்த அறையில் இருப்பேன்.

பர்சனல் ஃபைலில் நிரந்தர முகவரி என்ற இடத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். அம்மா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
கண்ணகி நகர்,
ஒக்கியம் துரைப்பாக்கம்,
சென்னை - 600097